மூன்று முறை கேட்டார்கள்

அறுபதுகளில் செஞ்சி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் திருப்பித் தர வேண்டும். சிங்கவரத்திலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை “சரிபண்ணி எடுத்தாங்க” என்று அனுப்பும்போது எனக்கே வெட்கமாக இருக்கும். முறை என்ற பெயரில் மனிதரை அலைக்கழிக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன், என் தங்கையின் நிக்காஹ் நாள்வரை.

மாப்பிள்ளை வல்லத்துக்காரர். நல்ல குடும்பம். எங்கள் தகப்பனார், அத்தா, பேசி முடித்தார். தங்கை ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். “அதெல்லாம் அப்புறம்” என்றார் அத்தா. அதற்குமேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்க மூன்று பேர் உள்ளே போனோம். கேட்பவர் அத்தாவின் அண்ணன், பெரியத்தா. சாட்சிகள் நானும் மாமாவும். வெறும் சடங்கு, இரண்டு நிமிடத்தில் முடியும் என்றிருந்தேன்.

பெரியத்தா கேட்டார். தங்கை தலை நிமிரவில்லை.

“கூச்சப்படுது. சம்மதம்னு எழுதிக்குங்க” என்றாள் பக்கத்திலிருந்த சின்னம்மா. சாட்சிக் கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

“வாயால சொல்லணும். சாட்சிங்க காதுல விழணும்” என்று பெரியத்தா மறுபடி கேட்டார். விசும்பல் மட்டும் வந்தது. மூன்றாம் முறை கேட்டார்.

“எனக்கு வேணாம் பெரியத்தா. நான் படிக்கணும்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு அத்தா உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கறுத்தது.

“இவ்ளோ பேரு வந்துட்டாங்க. இப்ப போயி இன்னா பேச்சு இது?”

“ரெண்டு பதிலுக்கும் எடம் வெச்சித்தானப்பா கேக்கறோம்?” என்றார் பெரியத்தா. “வேணாம்னு சொன்னத சம்மதம்னு நான் எப்டிப் போயி சொல்றது?”

அத்தா என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா கேட்ட?”

“வேணாம்னு சொன்னா அத்தா.”

சொன்னதும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

அத்தாவே போய் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொன்னார். சண்டை வரும் என்று பயந்து பின்னால் நின்றேன்.

“கட்டிக்கினு வந்து அழுதிருந்தா நாங்க இன்னா பண்ணியிருப்போம்? இப்பவே சொல்லிடுச்சே” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

சமைத்ததை எல்லாரும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையும் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். அவரை நினைத்தால்தான் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

ஆனி மாதம் தங்கை பயிற்சியில் சேர்ந்தாள். அத்தா அவளோடு பல வாரம் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “நல்ல வேள, அண்ணன் விடாம கேட்டாரு” என்றார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.