நாத்தனாரின் கழுத்து

என் நாத்தனாருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தொன்பது வருடம் ஒரே நாற்காலியில் போயிற்று. கையால் எழுதிய விண்ணப்பங்களைக் கணினித் திரையோடு ஒப்பிட்டுப் பிழை பார்க்கும் வேலை. காகிதம் இடப்பக்கம், திரை நேரே. வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் கழுத்து மறந்துவிட்டது. அங்கிருந்து யாராவது கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவதுபோல மொத்த உடம்பையும் திருப்புவாள்.

இந்தக் கழுத்தோடு கார் ஓட்ட ஆசை. ஓட்டுநர் தேர்வுக்கு இரண்டு தடவை போய், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்க்காததால் இரண்டிலும் தோற்றாள். மூன்றாவதிலும் தோற்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

நான் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி பெற்றவள். என்னிடம் தைலம் கேட்டாள். தைலம் மணக்கும், அவ்வளவுதான் என்றேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, இரண்டு பக்கமும் வளைந்து, பிறகு மெதுவாகத் தோளுக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவள் அலுவலகக் கூடத்தில் யாரும் பேசக் கூடாது. கையிலுள்ள விண்ணப்பக் கட்டை முடித்தவர் கையைத் தூக்கினால், கட்டுக்காரர் அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பார். இவள் இரண்டு கையையும் தூக்கினாள். இரண்டு கட்டு வந்தது. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு.

“அண்ணி, உங்க வைத்தியத்துல எனக்கு வேலைதான் வளருது,” என்று போனில் குதித்தாள்.

“கழுத்து எப்படி இருக்கு?”

“கொஞ்சம் திரும்புது. அதனாலதான் பின்னாடி அடுக்கியிருக்கற கட்டெல்லாம் கண்ணுல படுது.”

நிறுத்திவிடவா என்று கேட்டாள். வேண்டாம், ஆள் சேர் என்றேன். மறுநாள் அவள் வரிசை முழுவதும் எழுந்து கையைத் தூக்கியது. எல்லாருக்கும் இடுப்பு பிடித்துத்தான் கிடந்தது. கட்டுக்காரர் ஓடினார், வியர்த்தார், மூன்றே நாளில் அலமாரியைக் காலி செய்தார். நான்காம் நாள் வெறுங்கையோடு நடுக்கூடத்தில் நின்று, “இப்ப நான் என்னம்மா பண்றது?” என்று வாய்விட்டே கேட்டார். தூக்கிய கைகள் இறங்கவில்லை. அவரும் தூக்கினார். முதுகில் மடமடவென்று சத்தம், முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கை தூக்கினால் கட்டு கிடையாது என்று அன்றே விதி மாறியது.

தேர்வன்று நான் வேலிக்கு வெளியே நின்றேன். வண்டி பின்னால் வந்தது. உள்ளே அவள் தலை இடம், வலம், பின்பக்கம் என்று காற்றாடியாகச் சுற்றியது.

“போதும்மா. கொஞ்சம் முன்னாடியும் பாருங்க,” என்றாராம் தேர்வாளர்.

உரிமம் கிடைத்தது. வீடுவரை அவளேதான் ஓட்டினாள். சாலையைப் பார்த்து ஓட்டுடி என்று நான்தான் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.