காளி வேஷமும் வரியில்லாச் சம்பளமும்

வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனைத் தேடி எவனும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. ஜூலை மாதமானால் யாரையாவது திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளுக்கு இது புரியும். பாளையங்கோட்டையில் மாடியில் என் ஆபீஸ். படியேறுவதற்குள் என் முழங்கால் முனகிவிடும். எப்படியோ ஹாக்கிக்காரப் பயல்கள் எனக்கு வாடிக்கையாகிவிட்டார்கள்.

ஜெர்மனி வேண்டாம்

இசக்கிராஜா விக்கிரமசிங்கபுரத்துக்காரன், நல்ல தடுப்பாட்டக்காரன். போன வருஷம் ஜெர்மனியில் ஒரு கிளப்பும், வளைகுடாவில் ஒரு கம்பெனி அணியும் ஒரே வாரத்தில் அவனைக் கூப்பிட்டன. நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். "ஏலே, ஒரு இடத்துல நில்லுலே!" என்று கத்தினேன்.

ஜெர்மனியில் ஆட்டமும் பெரிது, வரியும் பெரிது. வளைகுடாவில் ஆட்டம் சுமார், வரியே கிடையாது. பிடித்தம் போகக் கைக்கு வருவதைப் போட்டுக் காட்டினேன். முகம் தொங்கிவிட்டது. "பந்தைப் பிடுங்குனாலே எனக்குப் பொறுக்காது, சம்பளத்தைப் பிடுங்குனா விடுவேனா அண்ணாச்சி?"

செப்டம்பருக்குள் ஏறு

அதோடு முடிந்ததா? எங்கே! ஏப்ரலிலிருந்து பாதி வருஷத்தை இங்கேயே கழித்துவிட்டுப் போனால், வளைகுடாவில் வாங்கும் சம்பளத்துக்கும் அந்த வருஷம் இங்கே வரி உண்டு. "செப்டம்பர் முடியுமுன்ன விமானம் ஏறிரு" என்றேன். அவன் நடை நின்றது.

தசரா அக்டோபரில். முன்பு முழங்கால் ஆபரேஷனாகிப் படுத்துக் கிடந்தபோது, திரும்ப ஆட வைத்தால் மூன்று வருஷம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாகக் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்திருக்கிறான். இது மூன்றாவது வருஷம். போய்விட்டு லீவில் வரலாமென்றால், முதல் ஆறு மாதம் லீவே கிடையாதாம். "அப்ப வேஷத்தை அடுத்த வருஷம் கட்டிக்கோயேன்லே" என்றேன். முறைத்தான். "நான் வரிக்குத் தவணை கேட்டா உங்க ஆபீஸருமாரு குடுப்பாவளா?"

போட்ட டிக்கெட், ரத்தான டிக்கெட்

தசரா முடிந்து வந்தாலும் சரி என்று கம்பெனி சொல்லிவிட்டது. இவனுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. காலையில் போன் பண்ணி, செப்டம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு என்பான். மத்தியானம் ரத்துப் பண்ணிட்டேன் என்பான். அந்தப் பரபரப்பு எனக்கும் தொற்றி, இன்னொருத்தர் கணக்கில் இவன் சம்பளத்தை எழுதித் தொலைத்தேன். "ரெண்டுல ஒண்ணு சொல்லுலே, எனக்குக் கிறுக்குப் பிடிக்கு!" என்றேன். "மனசு கெடந்து அடிக்கு அண்ணாச்சி, மைதானத்துல பந்தைப் பாக்காம முழங்காலையே பாக்கேன்."

காணிக்கை

அக்டோபரில் ஒரு நாள் வாசலில் மேளச் சத்தம். கிரீடத்தோடு படியேற முடியாமல் காளி கீழே நின்றாள். நொண்டிக்கொண்டே நான்தான் இறங்கினேன். விரதத்தில் இளைத்துப்போயிருந்தான். தட்டில் காணிக்கையைப் போட்டேன், கும்பிட்டேன், ஆனாலும் வயிறு எரிந்தது. "எவ்வளவு வரி வரும்னு தெரியுமாலே?" என்று காதோடு கேட்டேன். எனக்கு விபூதி பூசிவிட்டுச் சொன்னான்: "முழங்கால் போச்சுன்னா வரியும் கிடையாது, வருமானமும் கிடையாது அண்ணாச்சி."

வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு அவன் வளைகுடாவில் ஓடி ஆடிக்கொண்டிருக்கிறான். கணக்கில் அவனை ஜெயித்த நான், என் முழங்காலுக்கு என்ன வேஷம் கட்டலாம் என்று பைய விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.