இருவர் வாசித்த முதல் வாசகம்

முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவர் வாசித்தால் மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்தவரும் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டதோ என்று நிமிர்ந்து உட்காருவார். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். சாமியாரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

நான்கு கோயில்களுக்கு அந்த ஒரே சாமியார். அதனால் பாதி வேலை மக்கள் தலையில். சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவர் பிளம்பர். ஞாயிற்றுப் பூசையான திருப்பலியில் யார் எப்போது பைபிள் வாசிப்பது என்று பட்டியல் போடுபவர் மருந்துக்கடை அம்மா. சாமியார் உடை மாற்றும் அறையின் கதவில் அவர் ஒட்டும் தாளில், மாதம் ஒரு ஞாயிறு முதல் வாசகம் கண்டக்டருக்கு.

தாளில் ஒரு பெயர்தான். வேலை இருவருடையது. நான்கு வருடமாகக் கண்டக்டருக்கு எழுத்து தெரியவில்லை. பார்வையின் நடுவில் புகை மூட்டம். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் முறை வரும் வாரம், வியாழன் காலை, மனைவி காய் நறுக்கும் மேசையில் புத்தகத்தை விரித்து வாசிப்பாள். அவர் திருப்பிச் சொல்வார். சனிக்குள் மனப்பாடம். ஞாயிறன்று நூலைப் பார்த்தபடி ஒப்பிப்பார். நடுவில் பக்கம்கூடப் புரட்டுவார்.

“அங்க மூச்சு விடாதீங்க, ஸ்டாப்பிங் இன்னும் வரல.”

“அப்ப நீயே போய் வாசிச்சிடேன்.”

“என் குரல் மூணாவது பெஞ்சத் தாண்டாது. உங்களுக்குத்தான் ஆண்டவர் ஹாரன் வச்சுப் படைச்சிருக்காரு.”

கண் தெரியாததைச் சொல்லிவிடலாமே என்று அவள் பலமுறை கேட்டாள். அவர் மசியவில்லை. வேலையும் போய், கண்ணும் போன பிறகு நாலு பேர் அவரை எதிர்பார்த்து உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

அவள் நோயாகி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்தது. கடைசி வியாழன், மூக்கிலிருந்த குழாயைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்க இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை நர்ஸ் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டார். வெள்ளியன்று போய்விட்டாள். சனி அடக்கம்.

“நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேண்ணே” என்றார் மருந்துக்கடை அம்மா. கண்டக்டர் கேட்கவில்லை. அவள் கடைசியாகச் செய்துவிட்டுப் போன வேலை வீணாகக் கூடாது.

மறுநாள் எசாயா நூலிலிருந்து வாசகம் என்று கணீரென்று அறிவித்து, ஆரம்பித்தார். ஐந்தாறு வரியில் கோயிலெங்கும் மக்கள் கையிலிருந்த வாசகத் தாள்கள் சலசலத்தன. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம்: வண்டி தடம் மாறினால் பயணிகள் இப்படித்தான் நெளிவார்கள். ஆனால் அவரிடம் வேறு வரிகள் இல்லை. அவள் மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம், சொல்லின் பாதியிலும், அவரும் நின்று நின்று போனார். அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திருப்பலி முடிந்ததும் மருந்துக்கடை அம்மா உடை மாற்றும் அறைக்குள் வந்தார்.

“அண்ணே, ஞாயிறு வாசகம் வருஷத்துக்கு வருஷம் மாறுமே. கோயில் கணக்குல இன்னையோட புது வருஷம் தொடங்கிடுச்சு. நீங்க சொன்னது போன வருஷத்தது. ஒரு வார்த்தை பிசகல. ஆனா முன்னால விரிச்சு வச்ச பக்கத்துல அது இல்லவே இல்லையே.”

அந்த நிலையில் அவள் எந்தப் பக்கத்தைப் புரட்டினாள் என்று அவருக்குப் புரிந்தது.

“கண்ணு தெரியாதும்மா. நாலு வருஷமா அவதான் வாசிச்சுக் குடுத்தா.”

மருந்துக்கடை அம்மா கதவிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “தாள்ல இருந்து உங்க பேர நான் எடுக்கமாட்டேன். வியாழக்கிழமை கடைய லேட்டாத் திறந்துக்கறேன். நான் வந்து வாசிக்கறேன்.”

“அப்ப அவளையும் சேத்து எழுதிடுங்க. இத்தன நாள் விட்டுப்போச்சு.”

அடுத்த மாதத் தாளில், ‘கண்டக்டர், அவர் மனைவி’ என்று இருந்தது. சொன்னபடி வியாழன் காலை மருந்துக்கடை அம்மா வந்து, அதே மேசையில், சரியான பக்கத்தைத் திருத்தமாக வாசித்தார். ஆறு தடவை. கண்டக்டருக்கு இரண்டு வரிக்கு மேல் நிற்கவில்லை.

“வேகமா வாசிக்கறேனாண்ணே?”

“இல்லம்மா. நல்லாத்தான் வாசிக்கறீங்க.”

அந்த ஞாயிறு பிளம்பர் வாசித்தார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டருக்கு அதில் பாதி காதில் விழவில்லை.