பத்தாம் வாய்க்கால்

பத்து வரை ஒழுங்காக எண்ணத் தெரியாதவன் நான். கணினி நிரல் எழுதித்தான் சாப்பிடுகிறேன் என்பதால் இதை வெளியில் சொல்வதில்லை.

குளத்துத் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில், பத்து வாய்க்கால்களில் எதற்கு முதல் தண்ணீர் என்று எங்கள் கமக்காரர் சீட்டுக் குலுக்குவார்கள். அதைக் கணினியில் குலுக்க, ‘எண்எடு(1, 10)’ என்றொரு கட்டளை எழுதிக் கொடுத்தேன். அதை வைத்துக் குலுக்கல் திரையை அமைத்தவர் உருத்திரபுரத்துக் கணினி ரீச்சர். மூக்குநுனியில் கண்ணாடி, கொண்டையில் பேனை. யார் எழுதிய கட்டளையையும் மருந்துப் போத்தலின் சீட்டைப்போல வாய்விட்டு வாசித்த பிறகுதான் தொடுவா. இப்போது நானும் அப்படித்தான், வீட்டில் சிரிக்கிறார்கள்.

“ஒண்டிலயிருந்து பத்து” என்று வாசித்தா. பிறகு இருநூறு தரம் ஓடவிட்டு, வந்த எண்களுக்கெல்லாம் கொப்பியில் கோடு போட்டா. பத்துக்கு நேரே ஒரு கோடும் விழவில்லை. தண்ணீர் பிந்தினால் முதலில் கருகுவது அந்தக் கடைசி வாய்க்கால் நெல்தான். ரீச்சரின் வயலோ மூன்றாம் வாய்க்காலில்.

“தம்பி, பத்தைக் காணேல்லை.”

“கடைசி எண் சேராது ரீச்சர். ஒன்பதோட நிண்டிடும். நிரல் எழுதுற ஆக்களுக்கு அது தெரியுந்தானே” என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அவா கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.

“பத்தாம் வாய்க்கால்காரருக்குத் தெரியுமோ?”