மருமகள் கொடுத்த கற்றாழை

பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் நின்று, பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து அனுப்புவதுதான் அவருடைய வேலை. அந்த வேலை ஆளையே மாற்றிவிட்டது. வீட்டில் யாராவது சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு கண் வைப்பார். கடையில் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேனர்'.

அவருக்கு ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. நாக்கின் ஓரத்தில் புண் வேறு. சூடாக எதை வாயில் வைத்தாலும் உயிர் போயிற்று. புதிதாக வந்த மருமகள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். பால்கனித் தொட்டியிலிருந்த கற்றாழையில் ஒரு மடலை அறுத்து, வடிந்த மஞ்சள் பாலை நன்றாகக் கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருந்த வழவழப்பான சதையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"ஈறுலயும் புண்ணுலயும் தடவிக்கங்க மாமா. எரிச்சல் அடங்கும்."

நேற்று வந்தவளுக்கு நம்மேல் இவ்வளவு அக்கறையா? முகர்ந்து பார்த்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முதல்ல நீ வாயில வை, பாப்போம்."

அவள் முகம் சுளிக்காமல் ஒரு துண்டை எடுத்து ஈறில் தேய்த்துக் காட்டினாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

தடவியதும் குளுகுளுவென்றுதான் இருந்தது. அதுவே அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. மறுநாள் அவள் கையே படக்கூடாதென்று, தானே ஒரு மடலை ஒடித்து அப்படியே ஈறில் தேய்த்தார். குடலைப் புரட்டும் கசப்பு!

"பாத்தியாடா, விஷம்!" என்று மகனைப் பிடித்து உலுக்கினார்.

"பாலைக் கழுவினீங்களா மாமா?" என்றாள் மருமகள்.

அவர் கையிலிருந்த மடலைப் பார்த்தார்; ஒடித்த இடத்தில் மஞ்சள் பால் வடிந்துகொண்டிருந்தது.

பிறகு வேண்டாவெறுப்பாக அவள் கொடுத்ததைத் தடவிக்கொண்டார். மிருதுவான பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னாள், அதையும் செய்தார். நாளடைவில் ஈறு வீக்கம் வற்றியது. நாக்குப் புண் மட்டும் அப்படியே இருந்தது.

"அது தானா ஆறிடும்மா."

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "இத்தனை நாளா ஆறாத புண்ண நான் நம்ப மாட்டேன். கிளம்புங்க மாமா."

டாக்டருக்கு ஆள் பிடிக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேதான் போனார்.

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் கூர்முனை நாக்கை உரசிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் தேய்த்து மழுக்கினார். "கற்றாழை புண்ணுக்கு இதமா இருக்கும், ஆனா பல்லை மழுக்காது! இனியும் ஆறலேன்னா சதையில கொஞ்சம் எடுத்து, புற்றுநோயான்னு பாக்க டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

அடுத்த முறை போனபோது புண் ஆறியிருந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தார்.

"டெஸ்ட்டுன்னதும் பயந்துட்டியாம்மா?"

"ரொம்ப, மாமா." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.