சிவசாமி வீட்டுக் கொடுக்காப்புளி

மனு பெற்ற மூன்று நாளுக்குள் ஒப்புகை. முப்பது நாளுக்குள் பதில். இது விதி. தாலுகா அலுவலகத்தில் சிவசாமிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

பங்குனி கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். கீரமங்கலத்துக்கு ஆலங்குடி வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஆலங்குடியில் பூக்கூடையோடு ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார் வீட்டுக்குப் போறீங்க?"

"சிவசாமி. தாலுகா ஆபீஸ்ல இருந்தாரே."

"கொடுக்காப்புளி சார் வீட்டுக்கா! மீமிசல் மீன்காரருகூட வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாருல்ல. சீனி தோத்துரும் போங்க!"

எனக்கு முப்பத்தாறு வருட சர்வீஸ். எந்தப் பஸ்ஸிலும் எனக்கு இப்படியொரு பட்டம் கிடைத்ததில்லை.

எட்டரைக்குச் சிவசாமி வீடு. கொல்லையில் அந்த மரம். மெக்சிகோப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த இனமாம். கீரமங்கலத்திலேயே ரேஷன் கார்டு வாங்கியதுபோல் நின்றது. சுருள் சுருளாகக் காய்கள். வெடித்த தோலுக்குள் வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சதை. நுனிக் கிளைகளில் பிந்திய பூக்கள், சின்னப் பஞ்சு உருண்டைகளாக. தேனீக்கள்கூட அவர் கட்சி. ஒன்றைத் தின்றேன். குறை தேடினேன், அகப்படவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் இதே மரத்தின் விதையைத்தான் என் வீட்டில் போட்டேன். அதுவும் காய்க்கிறது. பேரப்பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறார்கள். சிவசாமியிடம் இதைச் சொன்னேன்.

"விதை போட்டா தாய்மரம் மாதிரி வராது சார். கிளையில தோலைச் சீவி, மண்ணு கட்டி, பதியன் போடணும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே. கேக்காததுக்குப் பதில் எழுதாதேன்னு நீங்கதானே சார் பழக்குனீங்க?"

காபி கொண்டுவந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணனுக்கு ஒரு பதியன் போட்டுக் குடுத்தாத்தான் என்னவாம்?"

"மனு குடுக்கட்டும். பரிசீலிப்போம்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் விளையாடவில்லை. திரும்புகையில் ஆலங்குடி வருவதற்குள் மனுவின் வாசகம் மனத்தில் தயார். மறுநாள் பதிவுத் தபால்.

ஒப்புகை இல்லை. முப்பது நாளும் போனது. என் மரத்தை வெட்ட இரண்டு முறை ஆளை வரச்சொல்லி, இரண்டு முறையும் டீ கொடுத்து அனுப்பினேன். மற்ற நேரமெல்லாம் தபால்காரரைப் பார்த்தபடி இருந்தேன்.

கடைசியில் ஓர் உறை வந்தது. "வேர் பிடிக்கும் முன் பதிலளிப்பது முறையன்று என்பதால் தாமதம். முதல் பதியன் மீமிசல் மீன்காரருக்கு வழங்கப்பட்டுவிட்டது. இரண்டாவதை மனுதாரர் நேரில் ஆஜராகிக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும்."

பஸ் நேரம் பார்த்துவிட்டேன். மீன்காரருக்கு மனு இல்லாமலேயே கிடைத்திருக்கிறது; அதைப் போய்க் கேட்க வேண்டும். பதில் கைக்கு வந்த தேதி: ஆடி பதினெட்டு.