கார்பாலிக் கலந்த புல் தைலம்

லண்டனில் சுத்தத்துக்கு ஒரே ஒரு மணம்தான் உண்டு: கார்பாலிக். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி காலையில் அந்தக் கிருமிநாசினியை ஊற்றி மாடிப்படியைக் கழுவிவிட்டு, சாமி கும்பிடுகிறவள் போலக் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். நான் தலைக்கு எண்ணெய் வைத்தால் மட்டும், பனியென்றும் பாராமல் ஜன்னலைத் திறந்துவிடுவாள். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் வேலை பார்க்கும் பரிசோதனைச் சாலையிலும் அதற்குத்தான் மரியாதை. எந்த எண்ணெய் வந்தாலும், டைபாய்டு கிருமியைக் கார்பாலிக்கைவிட வேகமாக அது கொல்கிறதா என்று பார்ப்போம். எண்ணெயில் கிடந்த கிருமியில் ஒரு துளியை இறைச்சிச் சாற்றில் விட்டு வெதுவெதுப்பாக வைப்போம். சாறு கலங்கினால் கிருமி பிழைத்தது; தெளிந்தே இருந்தால் செத்தது.

என் தங்கை புருஷன் காமயகவுண்டன்பட்டித் தென்னந்தோப்பை விற்று, லோயர் கேம்ப் மலையடியில் எலுமிச்சம்புல் தைலம் வடிக்கச் செப்புக் கொப்பரை அடுப்பு போட்டிருந்தான். எங்கள் பரிசோதனைச் சாலைத் துரை நல்ல வார்த்தை சொன்னால் இங்குள்ள கம்பெனி வாங்கும். சொல்லாவிட்டால் தங்கை குடும்பம் தெருவில். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு புட்டி கொண்டுவந்து சோதித்தேன். சாறு பளிங்காகத் தெளிந்திருந்தது. துரை மோந்தார்.

"இது பெண்கள் பூசிக்கொள்வது. நீ கிருமி போட மறந்திருப்பாய்," என்றார்.

கண் பார்த்ததை மூக்கு தள்ளுபடி செய்துவிட்டது. இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்!

தைலம் தேறவில்லை என்று ஊருக்குத் தெரிவித்தேன். பிறகு ஒரு கப்பலில் இன்னொரு புட்டி வந்தது. திறந்ததும் ஒரே ஆஸ்பத்திரி வாடை. ஊரில் கொப்பரை அடுப்பருகே அவன் கேட்டது நினைவுக்கு வந்தது.

"மச்சான், அங்கன எதை வச்சு அளக்குறாக?"

"கார்பாலிக்கை வச்சு."

"அதுதான் அவுகளுக்குப் பிடிக்குமாக்கும்? விருந்தாளி வாய்க்கு ஏத்தாப்புலதான ஆக்கிப் போடணும்!"

ஆக்கியே போட்டுவிட்டான், பாவி. எனக்கு ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

புட்டியை மூடுவதற்குள் துரை மோந்துவிட்டார், முகம் மலர்ந்தது. "இதில் கார்பாலிக் கலந்திருக்கிறது, ஐயா," என்று உள்ளதைச் சொன்னேன். கலப்படம் என்று சீறுவார், கொப்பரை போச்சு என்று நின்றேன்.

"தெரிகிறது. கடைசியில் உங்கள் ஜனங்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இதேபோலவே அனுப்பச் சொல்," என்றார்.

தங்கை குடும்பம் பிழைத்தது. இப்போது இங்கிருந்து கார்பாலிக் தகரங்கள் கப்பலேறிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகின்றன. அங்கே எங்கள் தைலத்தில் அதைக் கலந்து, மறுபடி கப்பலேற்றி இங்கேயே அனுப்புகிறார்கள். நேற்று துறைமுகத்தில் போகிற தகரமும் வந்த தகரமும் அருகருகே கிடந்தன. எது எங்கே போகிறதென்று சீட்டு ஒட்டத் துரை அனுப்பியது என்னைத்தான். குனிந்து இரண்டையும் மோந்து பார்த்தேன். எது என் ஊரிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.